மேனேஜர் சாப்பிடவில்லை

செப்டம்பர் 2, காலை

தங்கைக்கு,

இனி என்னோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று ஜூன் மாதம் சொன்னாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். புல் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நான்கு மணிக்கு நீ டப்பாவைத் தூக்கும்போது கண்ணில் படும்.

ஒரு கினிப்பன்றிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததற்கு உன் மகள் சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் எல்லாரையும் வேலை வாங்குகிறது என்றாள். பத்து நாளாக அது யாரையும் வேலை வாங்கவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை.

விடுதிக்குப் போவதற்கு முன் அவள் சுவரில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. 'காலை பெரியம்மா, மாலை அம்மா.' என் வேளையில் நான் ஒழுங்காக இருக்கிறேன். இன்று இறங்கி வந்தபோது நேற்று நீ வைத்த கேரட் வைத்தபடி கிடந்தது. ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் பருமன். அது கினிப்பன்றி, குதிரை இல்லை. அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டுக் கீரை வைத்திருக்கிறேன். அச்சகத்தில் பொழுதெல்லாம் அடுத்தவர் பிழையைத் திருத்துகிறேன். வீட்டிலும் அதே வேலையாக இருக்கிறது.

நோய் என்று நீ பதற வேண்டியதில்லை. காலையில் பார்க்கும்போது பாட்டிலில் தண்ணீர் நன்றாகக் குறைந்திருக்கிறது. வைக்கும் விதத்தில்தான் கோளாறு. தாடை மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறது. நான் தினமும் துடைத்துவிடுகிறேன். முடிந்தால் நீயும் துடை.

அக்கா

செப்டம்பர் 2, மாலை

மாடிக்கு,

என் மகளை என்னிடமிருந்து பிரித்த கை இப்போது என் கேரட்டையும் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறது. எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.

உன் கீரையை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் வந்தபோது துவண்டு கிடந்தது. நானும் எறிந்துவிட்டேன்.

தண்ணீர் நன்றாகக் குடிக்கிறதாம்! சாயங்காலம் பாட்டில் தளும்பத் தளும்ப நிற்கிறது. பகல் முழுக்க உன் தண்ணீரை அது சீந்துவதே இல்லை. தினமும் அதைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றுகிறேன். காலையில் குறைந்திருக்கிறது என்றால் என் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது. தாடை ஈரமும் குடித்த ஈரம்தான். அதற்குப் போய்த் துண்டும் கையுமாக நிற்கிறாய்.

எனக்கு லேபில் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. வெறும் வயிற்றோடு முப்பது பேர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்துவிட்டு வந்து உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, "மேனேஜர் எப்படி இருக்காரு?" இரண்டாவது கேள்வியும் அதுதான். நான் எப்படி இருக்கிறேன் என்பது நாலாவதோ ஐந்தாவதோ. பிளாஸ்டிக் கவரைக் கசக்கச் சொன்னாள். அந்தச் சத்தம் கேட்டால் தீனி வருகிறது என்று விசிலடிக்குமே, அதைக் கேட்க வேண்டுமாம். கசக்கினேன். விசில் வரவில்லை. "தூங்கறாரும்மா" என்றேன். உன்னால் என் மகளிடம் பொய் சொன்னேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். கையெழுத்து உன் வேலை.

செப்டம்பர் 5, காலை

தங்கைக்கு,

உன் கடிதத்தின் முதல் வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். பிழை இல்லை. எழுத்துப்பிழையைச் சொல்கிறேன்.

நீச்சல் பயிற்சி விடுதியின் விண்ணப்பத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அன்று கடைசி நாள், அலுவலகம் மூன்று மணிக்குப் பூட்டிவிடும், நீ வேலை முடிந்து வர நான்கு ஆகும். இதை உன்னிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே இது சாக்குப்போக்காகக் கேட்கத் தொடங்கிவிட்டது. ஒரு போன் செய்திருக்கலாம். கையில்தான் இருந்தது. நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால்தான் செய்யவில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. இதற்காக நீ இளக வேண்டாம். நீ இளகமாட்டாய் என்பதும் தெரியும்.

ஆனால் மேனேஜர் விஷயத்தில் தவறு உன்னுடையது. நேற்றும் உன் கேரட் அப்படியே கிடந்தது. எறிந்தேன். புழுக்கைகள் சிறுத்து மிளகளவுக்கு வந்துவிட்டன, எண்ணிக்கையும் குறைவு. இன்று ஒரு கீரைத் தண்டை ஆசையாக வாயில் எடுத்தது. இரண்டு முறை மென்றது போலிருந்தது, பிறகு நழுவவிட்டது. நீ வாங்கிவரும் புல்லில் ஏதோ சரியில்லை. கடையை மாற்று.

தண்ணீரைப் பற்றி உன் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள். நான் தினமும் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிவிட்டுப் போகிறேன். மறுநாள் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. காய்ச்சினாலும் காய்ச்சாவிட்டாலும், பாதி பாட்டில் குடிக்கிற உயிருக்குத் தாகம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அக்கா

செப்டம்பர் 5, மாலை

நான் பாதிதான் ஊற்றுவேன்.

முதல் நாளிலிருந்தே பாதிதான். நிரப்பினால் சொட்டிச் சொட்டிப் படுக்கை நனைகிறது என்று அவள்தான் அப்படிப் பழக்கினாள். சாயங்காலம் நீ நிரப்பியதைக் கொட்டுகிறேன், பாதி ஊற்றுகிறேன். காலையில் நீ பார்ப்பது அந்தப் பாதியைத்தான். அது குறையவே இல்லை. அது குடித்துவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய், உன் பேச்சைக் கேட்டு நானும் நினைத்துக்கொண்டேன். அது தண்ணீர் குடிப்பதே இல்லை, அக்கா.

சமையலறைத் தராசில் துண்டு விரித்து உட்காரவைத்தேன். எப்போதும் குதித்து இறங்கப் பார்க்கும். இன்று நகரவில்லை. அவளுடைய நோட்டில் ஜூன் மாத எடை ஆயிரத்து நாற்பது கிராம். இன்று எழுநூற்று முப்பது.

நீ வைத்ததை நான் எறிந்தேன், நான் வைத்ததை நீ எறிந்தாய். நடுவில் அது என்ன தின்றது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாளைக் காலை டாக்டரிடம் நீ கொண்டுபோக வேண்டும். எனக்குப் பதிலாக ரத்தம் எடுக்க ஆளில்லை. உதவி கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. காலை உன் வேளை.

செப்டம்பர் 6, மதியம்

தங்கைக்கு,

போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேசையில் வைத்ததும் டாக்டர் கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுது?"

"தெரியலை."

"தண்ணி?"

"அதுவும் தெரியலை."

"வீட்ல யாரு பார்த்துக்கறது?"

"நானும் தங்கச்சியும்."

"அப்ப தங்கச்சியைக் கேட்டுச் சொல்லுங்க."

"கேக்க முடியாது."

"ஏன், வெளியூரா?"

"கீழ்வீடு."

அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். எங்களில் யாருக்கு வைத்தியம் என்று யோசித்திருப்பார்.

விளக்கு பொருத்திய சின்னக் குழாயை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். கினிப்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், தீனியை மெல்ல மெல்லத்தான் தேயுமாம். இதற்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்ந்து வளர்ந்து நாக்கின்மேல் பாலம்போல் கூடிவிட்டன. அந்தப் பாலத்துக்கு அடியில் நாக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது. பசி இருக்கிறது. தாகம் இருக்கிறது. விழுங்கத்தான் முடியவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வெளியே வழிகிறது.

"இந்தத் தாடை ஈரம் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"நான் தொடைச்சிடுவேன்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அதுதான் பதில். அந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தை நாள் தவறாமல் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன். நீ சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

வளர்ந்த பல்லை அராவிவிட வேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்த எடையில் கொடுத்தால் எழாமலே போகலாம். அதனால் புதன்கிழமைவரை உடம்பைத் தேற்ற வேண்டும். ஒரு மாவு கொடுத்திருக்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மூன்று மணி நேரத்துக்கொரு முறை ஊட்ட வேண்டும். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நான். பிறகு நீ.

அவளுடைய கினிப்பன்றி. அவளிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 6, மாலை

மாடிக்கு,

சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பதின்மூன்றாம் தேதி அவளுக்குப் போட்டி. இதைக் கேட்டால் தண்ணீரில் இறங்கவே மாட்டாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். வந்து நின்றால் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் செத்துக்கொண்டிருக்கும் மேனேஜரைக் காட்டி என் மகளை வீட்டுக்கு வரவைக்கும் அளவுக்கு நான் கீழே போகவில்லை.

உன் நியாயத்தை ஜூனிலேயே பார்த்துவிட்டேன். விடுதியில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, வேண்டாம் என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாத இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாய். மறுபடி என்னைக் கேட்காமல் ஏதாவது செய்தாய் என்றால், நீ மாடியிலிருந்து இறங்கும் படியையே இடித்துவிடுவேன்.

மதியம் நீ ஊட்டிய லட்சணத்தைப் பார்த்தேன். அதன் மார்பு முழுக்க மாவு காய்ந்து கிடக்கிறது. சிரிஞ்சை நேராகத் தொண்டைக்குள் நீட்டாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதில் வை. சொட்டுச் சொட்டாக அழுத்து. விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு.

'குடித்த ஈரம்' என்று எழுதியவள் நான். நீ அதை எனக்கு எடுத்துக்காட்ட வேண்டாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டாய்.

இன்று போனை எடுத்ததும் "எப்படி இருக்காரு" என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, மேனேஜருக்குப் பல்லா?" என்றாள். "யாருடி சொன்னா" என்று கேட்கக்கூட வரவில்லை, ஆமாம் என்றேன். அழாமல், "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரு நாள். முழுதாக ஒரு நாள்கூட உன்னால் பொறுக்க முடியவில்லை. என் கடிதத்தைப் படித்து, மடித்து வைத்துவிட்டு, நேராகப் போனை எடுத்திருப்பாய். அவளிடம் நல்லவளாக இருக்க வேண்டும் உனக்கு. பெற்று வளர்த்துத் திட்டி அடித்துக் காய்ச்சல் பார்த்து நான் கெட்டவளாக இருக்கிறேன். நீ மாடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நல்லவளாக இரு.

மேனேஜர் பிழைத்தாலும் போனாலும் இந்த வீட்டில் உன் காலை வேளை முடிந்தது. அந்தத் தாளை நானே கிழிக்கப்போகிறேன்.

செப்டம்பர் 8, காலை

தங்கைக்கு,

தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதனால் இறங்கி வந்தேன்.

நான் சொல்லவில்லை.

நேற்றுக் காலை உன் கடிதத்தைப் படித்ததும் போனை எடுத்து விடுதியின் எண்ணை அழுத்தினேன், உண்மை. மணி அடிப்பதற்கு முன்பே வைத்துவிட்டேன். உன் படி இடிப்புக்குப் பயந்து வைக்கவில்லை. ஜூனில் என் கை எப்படி இருந்ததோ அதே போலப் பரபரத்தது, அதைப் பார்த்துப் பயந்து வைத்தேன். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன் நினைவு வருவதில்லை. இது குணமா வியாதியா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

நீ நம்பமாட்டாய். ஒருமுறை திருடியவள் என்பதால் தெருவில் எது காணாமல் போனாலும் என் வீட்டைச் சோதனை போடுகிறாய். சரி, போடு. ஆனால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளையே ஒரு வார்த்தை கேள். கேட்காமல் தீர்ப்பு எழுதியிருக்கிறாய். என்னைப் பற்றி நீ சொல்லும் குறையும் இதேதான்.

எடை எழுநூற்று ஐம்பது. நீ சொன்ன இடைவெளியில் வைத்து ஊட்டினேன். விழுங்கியது.

அக்கா

செப்டம்பர் 9, மாலை

கேட்டேன்.

நீ சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் ஐந்து நாள் விடுமுறைக்கு வந்தாளே, அப்போதே பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அப்பவே கேரட்டைக் கடிச்சுக் கடிச்சுக் கீழ போட்டாரும்மா. தாடையெல்லாம் ஈரம். இங்க லைப்ரரில தேடிப் படிச்சேன், பல்லா இருக்கும்னு போட்டிருந்துச்சு. முந்தின ஞாயிற்றுக்கிழமை விசிலே வரலை, அப்ப நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா யாரால இப்படி ஆச்சுன்னுதான் பேசுவீங்க. நீ பெரியம்மாவைச் சொல்லுவே, பெரியம்மா உன்னைச் சொல்லுவாங்க. தூக்கிக்கிட்டு யாரும் டாக்டர்கிட்டப் போக மாட்டீங்க. அடுத்த லீவுல நானே வந்து தூக்கிட்டுப் போலாம்னு இருந்தேன்."

அடுத்த விடுமுறை டிசம்பரில்.

"அதுவரைக்கும் தாங்குவாரான்னு தினம் நெனச்சுக்குவேன்மா" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் தண்ணீரில் நீந்தியிருக்கிறாள்.

அவள் சொன்னது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். உன் கடிதங்களையும் என் கடிதங்களையும் நினைத்துக்கொண்டேன்.

அவள் விடுதிக்குப் போனதற்கு நீ போட்ட கையெழுத்து மட்டும்தான் காரணமா என்று இன்று முதல்முறையாக யோசித்தேன். யோசித்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். உன்னை விட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒரு போன் செய்திருக்க வேண்டும் நீ.

நாளைக் காலை பல்லை அராவ நீ கொண்டுபோ. மயக்க மருந்துக்கான படிவம் இதோடு இருக்கிறது. அவளிடம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். "போடும்மா" என்றாள்.

செப்டம்பர் 10, மாலை

தங்கைக்கு,

எழுந்துவிட்டது.

நாற்பது நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்களோடதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தங்கச்சி மகளோடது" என்றேன். "அப்ப உங்களோடதுதான்" என்றார்.

டாக்டர் சொன்னது: "எந்திரிச்சுட்டாரு. ஆனா தானா சாப்பிட்டாத்தான் பிழைச்சாருன்னு சொல்லுவேன்." நாக்கின் இரண்டு ஓரமும் புண். நான்கைந்து நாளைக்கு வாயைத் தொட்டாலே திமிறும். ஆனால் ஊட்டாமல் விடக் கூடாது. வயிறு வேலைசெய்வதை நிறுத்திவிட்டால் பல் சரியானதும் வீண்.

இன்று அச்சகத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் ஊட்டினேன். ஊட்டினேன் என்பது பெரிய வார்த்தை. நான்கு மணிக்கு உன் சாவிச் சத்தம் கேட்டதும் இதில் கடைசி இரண்டு வரிகளைக் கிறுக்கிவிட்டு மாடிக்கு ஓடுகிறேன், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. நாற்பத்தாறு வயதில் இப்படி ஓடுவதை யாராவது பார்த்தால்

செப்டம்பர் 11, மாலை

அக்காவுக்கு,

நான் பார்த்தேன். ஜன்னல் வழியாக. உன் இடது செருப்பு மூன்றாம் படியில் கிடந்தது, கதவோரம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எடை எழுநூற்றுப் பத்து. மூன்று நாளில் நாற்பது கிராம் போயிருக்கிறது. காலையில் நீ ஊட்டியதில் பாதி துண்டில். சாயங்காலம் நான் ஊட்டியதில் பாதி என் மடியில். தினமும் முப்பது பேர் கையில் நரம்பைத் தேடிப் பிடிக்கிற எனக்கு இதன் வாயைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தால் மறு கையால் சிரிஞ்சை அழுத்த முடியவில்லை. அழுத்தினால் அது நழுவுகிறது. டாக்டருக்குப் போன் செய்தேன். "ஒருத்தர் துண்டுல சுத்திப் புடிச்சுக்கணும், இன்னொருத்தர் ஊட்டணும். ரெண்டு பேர் இருக்கீங்கள்ல?" என்று கேட்டார். இருக்கிறோம் என்றேன்.

நாளையிலிருந்து மூன்று நாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு இறங்கி வா. நான் கதவைத் திறந்துவைக்கிறேன். நீ பிடித்துக்கொள், நான் ஊட்டுகிறேன். நீ கெட்டியாகப் பிடிப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் என்னிடம் எதையும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே, ஜூன் மாதத்தை எடுக்காதே. ஆனால் பழகிய குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது திமிறாமல் விழுங்குமாம். எனக்கு அதனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. முயன்று பார்த்தேன், லேபில் வரும் ஆட்களிடம் சொல்வதுபோல "கையை இறுக்கி மூடுங்க" என்றுதான் வருகிறது.

நீ பேசு. அதனிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.